ஒரிஜினலை எடுத்துக்கொண்டீர்களா?

ஒரிஜினலை விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வராமல் இருந்ததில்லை. பூந்தமல்லி கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நஜீர், யார் கேட்டாலும் இதைச் சொல்வார். காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரிஜினலை மெஷினின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த ஆளுக்காக மூடியைத் தூக்கினால் யாருடைய ரேஷன் கார்டோ, யாருடைய சாதிச் சான்றிதழோ கவிழ்ந்து கிடக்கும். 'ஒரிஜினலை எடுத்துக்கொண்டீர்களா?' என்று சிவப்பு எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு மறந்து போனவர்களும் உண்டு.

அப்படிக் கிடப்பவற்றை நஜீர் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். பெயர், விட்டுப்போன தேதி, போன் நம்பர் என்று ஒரு சின்னச் சீட்டு எழுதி ஒட்டுவார். நம்பர் தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்வார். தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். கவலைப்படமாட்டார். ஒருமுறை நசரத்பேட்டைக்காரர் ஒருவர் தன் டிரைவிங் லைசென்ஸைத் தேடிக்கொண்டு பதினோரு மாதம் கழித்து வந்தார். லைசென்ஸைக் கையில் வாங்கியதும் அதற்கு முத்தம் கொடுத்தார்.

டின்னின் அடியில், ஒரு பழுப்புக் கவருக்குள், சீட்டு ஒட்டாத பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒன்று நாலரை வருடமாக இருந்தது. அதற்குரியவள் மட்டும் இன்னும் வரவில்லை. அவள் நஜீரின் ஒரே மகள் ஷிபா.

நர்ஸ் வேலைக்காக ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் ஷிபா கடைக்கு வந்து எல்லாப் பேப்பரையும் தானே மெஷினில் வைத்து எடுத்தாள். பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ், பட்டம், கடைசியாக மார்க் ஷீட். "எல்லாத்துலயும் ஒன்னு கூட எடு" என்றார் நஜீர். "எதுக்கு அத்தா?" "எதுக்கோ. இருக்கட்டும்." அவர் யாருக்கு எடுத்தாலும் ஒன்று கூட எடுக்கச் சொல்கிற ஆள். மறுநாள் காலை மூடியைத் தூக்கியபோது மார்க் ஷீட் கண்ணாடி மேல் கிடந்தது. விமானம் அன்று ராத்திரிதான். வீடு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். நஜீர் அதை எடுத்துத் துடைத்தார். கவரில் போட்டார். கூடுதலாக எடுத்த காப்பிகளோடு சேர்த்து டின்னின் அடியில் வைத்தார். ராத்திரி ஏர்போர்ட்டில் கைகாட்டிவிட்டுத் திரும்பும்போது, மறந்து போய்விட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஷிபாவும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. மெட்ரோ தூணின் நிழல் கடை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு நகர்ந்திருந்த நேரம். நஜீர் ஒரு ஆதார் கார்டை லேமினேஷன் மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தா, பதறாதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். இது அனுவோட போன்."

அனு என்பவள் அவளோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கோட்டயத்துப் பெண். அது நஜீருக்குத் தெரியும்.

"என்னாச்சும்மா?"

"என் பையைத் தூக்கிட்டாங்க. பிராக் ஸ்டேஷன்ல. டிக்கெட் மெஷின்கிட்ட ஒரு வயசான ஆளு வந்து எந்தப் பட்டனை அமுக்கணும்னு கேட்டாரு. ரெண்டு நிமிஷம் அத்தா. திரும்பிப் பார்த்தா பை இல்ல. பாஸ்போர்ட், தங்கறதுக்கான அனுமதி கார்டு, லேப்டாப், சார்ஜ்ல போட்டிருந்த போன், எல்லாம் அதுலதான்."

"பிராக்கா? அது எங்கம்மா இருக்கு?"

"பக்கத்து நாடு. ரயில்ல ரெண்டு, மூணு மணி நேரம். ஈஸ்டருக்கு நாலு நாள் லீவு விட்டாங்கன்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

மூன்று வாரம் முன்பு, நோன்புப் பெருநாள் அன்று, டிசம்பர் வரைக்கும் லீவே இல்லை என்று அவள்தான் சொல்லியிருந்தாள். நாலு நாளில் பூந்தமல்லிக்கு வந்துவிட்டுப் போக முடியாதுதான். நஜீர் அதைத் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"போலீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சு அத்தா. ஈஸ்டர் லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை காலைல நம்ம தூதரகத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. பழைய பாஸ்போர்ட் காப்பியும் பிறந்த தேதிக்கு ஒரு சான்றும் காட்டினா, புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்குவாங்க. நான் வேலைக்குத் திரும்பிடலாம். இல்லன்னா ஊருக்குப் போறதுக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பேப்பர் தருவாங்களாம். ஒரு தடவைதான் செல்லும். அங்க வந்து புது பாஸ்போர்ட், புது விசா, எல்லாம் முதல்லேர்ந்து. ஆறு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரில எடத்தை வெச்சிருப்பாங்களான்னு தெரியல."

"ஆஸ்பத்திரில உன் காப்பி இருக்காதா?"

"இருக்கும். அதைப் பாக்கற அம்மா லீவு. அடுத்த திங்கள்தான் வருவாங்க. என் மெயிலைத் திறக்கலாம்னா, அந்த போனுக்குத்தான் ஓடிபி போகுது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உங்ககிட்ட ஒரு செட் இருக்கும்ல அத்தா? நீங்கதான் எப்பவும் ஒன்னு கூட எடுப்பீங்களே."

டின் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே இருந்தது. அதன் மூடி வெயிலில் சூடாகியிருந்தது கைக்குத் தெரிந்தது.

"வீட்டுலதான் எங்கயோ இருக்கணும்மா" என்றார் நஜீர். "தேடறேன்."

போனை வைத்த பிறகும் லேமினேஷன் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆதார் கார்டு மறுபக்கம் வந்து கீழே விழுந்து கிடந்தது.

கடைக்கு எதிரே ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு பூபாலன் தண்ணீர் குடிக்க வந்தான். பதினைந்து வருடமாக அந்தத் தண்ணீர்க் குடம் அவனுக்காகவும்தான் அங்கே இருக்கிறது.

"இன்னா பாய், மூஞ்சி ஒரு மாரி கீது?"

நஜீர் சொன்னார். பூபாலன் தம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"அடப் பாவமே. பாப்பா தனியாவா கீது?"

"கூட ஒரு பொண்ணு இருக்கு."

"காப்பி இருந்தா போதும்ன்றியே. அப்புறம் இன்னா? ஊர்ல கீற அத்தினி பேரு காப்பியும் நீதான வெச்சிகினு கீற!"

"தேடணும்."

"சரி, கெடைக்கலன்னா?"

"இங்கதான் வரணும்."

பூபாலன் சிரித்துவிட்டான். "அட, அப்ப நல்லதுதான பாய்! அந்தத் திருடனுக்கு ஒரு பிரியாணி பார்சல் போடு, நானே ஆட்டோல எட்த்துனு போறேன்!" சொல்லிவிட்டு நஜீரின் முகத்தைப் பார்த்தவன், "தப்பா எட்த்துக்காத பாய், சும்மா சொன்னேன்" என்று எழுந்துகொண்டான். நஜீர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் மனதுக்குள் ஓடியதை இன்னொருவன் ரோட்டில் வைத்துச் சத்தமாகச் சொன்னதுதான் அவருக்கு என்னவோ போல இருந்தது.

வீட்டில் மனைவி ஜஹானாராவிடம் விஷயத்தைச் சொன்னார். காப்பி எங்கே வைத்தோம் என்று ஞாபகமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவள் அழவில்லை. அடுப்பை அணைத்தாள். பீரோ சாவியை எடுத்தாள்.

"லீவு இல்லன்னாளே" என்று மட்டும் பீரோவுக்குள் தலையை விட்டபடி சொன்னாள்.

"நாலு நாள் லீவு. நாலு நாள்ல இங்க வந்து போக முடியுமா?"

"அதான். நானும் அதைத்தான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பியபோது பீரோவில் இருந்ததெல்லாம் கட்டிலில் கிடந்தது. கேஸ் புத்தகம், பழைய மின்சார ரசீதுகள், ஷிபாவின் தடுப்பூசி அட்டை, அவள் ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் வாங்கிய ஒரு தாள். ஜஹானாரா ஸ்டூல் போட்டு ஏறி பரணில் இருந்த சூட்கேஸை இழுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாது என்று சொன்ன முட்டி.

"இறங்கு, நான் பாக்கறேன்."

"உங்களுக்கு எது என்னன்னு தெரியாது. நீங்க கட்டில்ல இருக்கறதைப் பாருங்க."

நஜீர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அங்கே இருக்காது என்று தெரிந்த ஒன்றைத் தேடுவதுபோல நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. எந்தத் தாளில் எவ்வளவு நேரம் கண்ணை நிறுத்த வேண்டும் என்றுகூடப் புரியவில்லை. ரொம்ப வேகமாகப் புரட்டினால் சந்தேகம் வரும் என்று ஒரு கேஸ் ரசீதை முழுக்கப் படித்தார்.

அன்றும் ஷிபா கூப்பிட்டாள். "தேடிட்டிருக்கோம்மா" என்றார். அது பாதி உண்மை. தேடிக்கொண்டிருந்தது ஒருத்தி.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சுலோசனா என்ற பெண் வந்தாள். பூந்தமல்லியில் அக்கா வீட்டுக்கு வந்தபோது இங்கே காப்பி எடுத்தாளாம். பையனின் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ்.

"புதன்கிழமை எடுத்தேன் சார். இங்க விட்டுட்டேனான்னு..."

நஜீர் டின்னைத் திறந்தார். மேலேயே இருந்தது. சீட்டில் போன் நம்பரும் எழுதியிருந்தார். வியாழக்கிழமை கூப்பிட நினைத்திருந்தது, ஷிபாவின் போனில் மறந்தே போய்விட்டது.

அந்தப் பெண் சான்றிதழை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு சீட்டைப் பார்த்தாள். முகம் மாறியது.

"என் நம்பரை எழுதியே வெச்சிருக்கீங்க. ஒரு போன் பண்ணக் கூடாதா சார்? மூணு நாளா வீட்டையே பொரட்டிப் போட்டேன். வீட்டுக்காரர்கிட்ட திட்டு வேற, பொறுப்பில்லன்னு. இங்க பத்திரமா உக்காந்திருக்கு!"

"மறந்துட்டேன்மா. மன்னிச்சிக்கோங்க."

"எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, தேடறவங்களுக்கு எவ்ளோ மிச்சம் சார்" என்றாள். கோபம் அதற்குள் தணிந்திருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகு நஜீர் டின்னை மூடாமல் வைத்திருந்தார். பழுப்புக் கவரின் ஓரம் தெரிந்தது. எடுத்து மெஷினில் வைத்து ஸ்கேன் செய்து அனுப்ப மூன்று நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு அதைத்தான் செய்கிறார்.

செய்யவில்லை. அதற்குப் பதில் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டை நினைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவு திறந்து ஷிபா வருவாள். பெரிய பெட்டியெல்லாம் இருக்காது, கையில் ஒரு வெள்ளைப் பேப்பர். பூபாலனின் ஆட்டோவில்தான் போவார்கள், காரெல்லாம் வேண்டாம். வழியெல்லாம் மெட்ரோ தூண்களைப் பார்த்து, இது எப்ப அத்தா வந்துச்சு, அது எப்ப வந்துச்சு என்று கேட்டுக்கொண்டே வருவாள். காலையில் ஒன்பது மணி வரை தூங்குவாள். மதியம் டிபன் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு கடைக்கு வருவாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஏன் பழைய பேப்பர் மாதிரி குவித்து வைத்திருக்கிறீர்கள் என்று திட்டுவாள். ஆறு மாதம். நாலரை வருடம் வராதவளிடம் ஆறு மாதம் கேட்பது அதிகமா? அப்போது ஒரு நாள், ஒன்றும் தெரியாதவர் மாதிரி, இந்தா உன் மார்க் ஷீட் என்று எடுத்துக் கொடுக்கலாம்.

ஞாயிறும் அப்படியே போனது. ஜஹானாரா சமையலறை அலமாரியின் காகித விரிப்புகளைக்கூட எடுத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மதியம் அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது ஷிபா ஜஹானாராவின் போனில் வீடியோவில் இருந்தாள். அவளுக்குப் பெரியதாக இருந்த ஒரு ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள், அனுவுடையது. பின்னால் ஏதோ விடுதியின் வெற்றுச் சுவர்.

"பரண்ல இன்னும் ஒரு பெட்டி பாக்கி இருக்கு ஷிபா" என்றாள் ஜஹானாரா. "சாயங்காலம் அதையும் பாத்துடறேன்."

"ஏறாதம்மா, விடு. கெடைக்கலன்னா வந்துடறேன். என்ன இப்ப." சிரிக்கப் பார்த்தாள். "ஏழு மாசம்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் நிரந்தரமா தங்கறதுக்கு எழுதிப் போட்டிருக்கலாம். அப்புறம் நெனச்சப்ப வரலாம், போகலாம், யாரையும் கேக்க வேணாம். பரவால்ல. திரும்ப முதல்லேர்ந்து எண்ண வேண்டியதுதான்."

"அத்தா வந்துட்டாங்க, பேசறியா?"

"வேணாம்மா, சாப்பிடட்டும். அனு போனை எத்தனை நேரம் நானே வெச்சிருக்கறது."

போன் அணைந்தது. ஜஹானாரா தட்டை வைத்துச் சோறு போட்டாள். மீன் குழம்பு. ஊற்றிக்கொண்டே, "ஒன்னு சொன்னா திட்டக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"நேத்து பரண்ல கைய விடறப்ப, கெடைக்கவே கூடாதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. கெடைக்கலன்னா அவ வந்துதானே ஆகணும்."

நஜீர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன. இன்னும் உள்ள கைய விட்டுத் தேடினேன்." கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "போக வழியில்லாம இங்க வந்து நிப்பா. சிரிச்சுகிட்டே நிப்பா, இப்ப சிரிச்சா பாருங்க, அந்த மாதிரி. தினம் அந்த மூஞ்சியை நான் எப்படிங்க பாக்கறது?"

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் குல்ஃபி வண்டியின் மணி கேட்டது. நஜீர் பிசைந்த சோற்றை வாயருகே கொண்டுபோகவில்லை.

"பரண்ல ஏறாத" என்றார். "கடையில இருக்கு."

"கெடைச்சுடுச்சா? எப்போ?"

"வியாழக்கிழமையே இருந்துச்சு."

ஜஹானாரா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று நஜீருக்குத் தெரியவில்லை. தலையை நிமிர்த்தினால்தானே தெரியும்.

"நாலு நாளா ஸ்டூல் போட்டு ஏறினேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "சோறு ஆறுது. சாப்பிட்டுட்டுப் போய் அனுப்புங்க" என்றாள்.

அவர் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடையில் ஆள் இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போனார். பாஸ்போர்ட் காப்பியின் முன்பக்கம், பின்பக்கம், பிறப்புச் சான்றிதழின் காப்பி ஒவ்வொன்றாக ஸ்கேன் ஆயின. படத்தில் ஷிபாவுக்கு இருபத்து மூன்று வயது. கறுப்பும் வெள்ளையுமாக, காதுகள் தெரிய, சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதை மீறப் போகிறவள் மாதிரி இருந்தாள். கடைசியாக மார்க் ஷீட் ஒரிஜினலை எடுத்துக் கண்ணாடி மேல் கவிழ்த்தார். அதே இடம். மூடியை மூடினார். அடியில் வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனது. பழக்க தோஷத்தில் ஒன்று கூட எடுத்தார்.

எல்லாவற்றையும் அனுவின் நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். இரண்டு டிக்குகளும் நீலமாயின. பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. 'வந்துடுச்சு அத்தா' என்று வந்தது. வேறொன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு அவளே கூப்பிட்டாள். பின்னால் டிராம் போகிற சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"எழுதிக்கிட்டாங்க அத்தா. மூணு, நாலு வாரத்துல வந்துடும்னாங்க. பூந்தமல்லி போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு விசாரிக்க வருவாங்க. பக்கத்து வீட்டுல ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். இன்னைக்கு சாயங்கால ரயில்லயே நாங்க திரும்பறோம்."

"நல்லதும்மா. கையெழுத்துக்கு ஆள் இருக்கு. பூபாலன் பத்துப் பேரைக் கூட்டிட்டு வருவான்."

அவள் சிரித்தாள். உண்மையான சிரிப்புதான். பிறகு கேட்டாள்: "எங்க இருந்துச்சு அத்தா?"

"கடையில."

"டின்லயா?"

"ம்."

நஜீர் டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உன் மார்க் ஷீட் ஒரிஜினலும் இங்கதான் இருக்கு ஷிபா. நீ கிளம்பறதுக்கு முந்தின நாள் மெஷின்லயே விட்டுட்டே. நான் பாத்தேன். எடுத்துட்டு வந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கல." நிறுத்தினார். "நாளைக்கே கொரியர்ல போட்டுடறேன்."

"தெரியும் அத்தா."

"என்ன தெரியும்?"

"அது அங்க இருக்குன்னு. ஏர்போர்ட்ல உள்ள போய் ஃபைலைத் திறந்தப்பவே தெரிஞ்சுது. நீங்க வெளிய கண்ணாடிகிட்ட நின்னுட்டிருந்தீங்க."

"கேக்கவே இல்லையே நீ?"

"என்ன கேக்கறது. நம்ம டின்லதான இருக்கு." பின்னால் இன்னொரு டிராம் போனது. "கொரியர்லல்லாம் போடாதீங்க அத்தா. தொலைஞ்சிடும்."

போனை வைத்த பிறகு ஒருவர் வந்து ரேஷன் கார்டுக்கு நாலு காப்பி கேட்டார். நஜீர் எடுத்துக் கொடுத்தார். "ஒரிஜினல்" என்று ஞாபகப்படுத்திக் கார்டையும் கையில் கொடுத்து அனுப்பினார். வெளியே பூபாலன், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு என்று கத்திக்கொண்டிருந்தான்.

பிறகு நஜீர் பழுப்புக் கவரை எடுத்து மேஜை மேல் வைத்து, மற்றவர்களுக்கு எழுதுகிற மாதிரியே ஒரு சீட்டு எழுதினார். பெயர்: ஷிபா. விட்டுப்போன தேதியை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன் நம்பர் எழுதும் இடத்தில்தான் பேனா நின்றது. பழைய நம்பர் யாரோ ஒரு திருடன் கையில் இருந்தது. புதியது அவள் இன்னும் வாங்கவில்லை.

அந்த இடத்தைக் காலியாக விட்டு, சீட்டைக் கவரில் ஒட்டி, டின்னில் வைத்து மூடினார். நம்பர் இல்லாதவர்களும் வந்திருக்கிறார்கள்.